விஷத்தின் வீரியம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது, தெரியுமா?

மும்பையில் செம்பூரிலிருந்து டிராம்பே போகும் சாலையில் அணுசக்தி நகரைத் தாண்டும்போது என்ன நினைவுக்கு வரும்? அணு உலை, விஞ்ஞானிகள், பலத்த காவல். சரிதான்! ஆனால் அந்த வேலிக்குள்ளே கடலைச் செடிக்கும் கோதுமைக்கும் எலிக்கும்கூட இடம் உண்டு. தாராவி, மாட்டுங்கா, சீத்தா கேம்ப் தமிழர்களுக்குப் பக்கத்து வீடு போன்ற இந்த டிராம்பேயிலிருந்து ஒரு விசித்திரப் பயணம் கிளம்பலாமா? ஒரே இனத்து எலிகள், ஒரே பூச்சிமருந்து, ஒரே அளவு. ஒன்று துள்ளி ஓடுகிறது, இன்னொன்று சுருண்டு விழுகிறது. வித்தியாசம் முந்தைய நான்கு வாரம் அவை தின்ற தீனி மட்டும்! குன்னூர், ஹைதராபாத், கனடா, ஆஸ்திரேலியா, பாக் வளைகுடா என்று சுற்றி வருவோம், வாருங்கள்.

பூச்சிமருந்துக்குக் கழுத்துமணி கட்டலாம், தெரியுமா?

1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை விட்டுவிட்டால் ஆசியாவின் முதல் அணு உலை அதுதான். 1960-இல் சைரஸ் உலையும் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்ட ஆராய்ச்சி உலைகளில் முக்கியமான சரக்கு ஒன்று விளையும்: கதிரியக்க ஐசோடோப்புகள்! நைட்ரஜன் அணுவை நியூட்ரான் தாக்கினால் கார்பன்-14 பிறக்கிறது. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். அந்தக் கார்பனைப் பூச்சிமருந்தின் மூலக்கூறுக்குள் பொருத்திவிட்டால் போதும். மணி கட்டிய மாடு எந்தக் காட்டுக்குள் போனாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது மாதிரி, மருந்து குடலில் எவ்வளவு, கல்லீரலில் எவ்வளவு, கொழுப்பில் எவ்வளவு, சிறுநீரில் எவ்வளவு என்று பிடித்துவிடலாம்.

இப்படித் துரத்திப் பார்த்ததில் தெரிந்தது என்ன? உள்ளே போன மருந்து போனபடியே இருப்பதில்லை! கல்லீரலில் சைட்டோக்ரோம் பி450 என்றொரு நொதிக் குடும்பம் இருக்கிறது. அது மருந்தைப் பிடித்து வேறொன்றாக மாற்றுகிறது. சில நேரம் விஷம் முறிகிறது. சில நேரம் சாதுவாக வந்தது கொடிய விஷமாகிறது. நொதி எதனால் ஆனது? புரதத்தால்! புரதம் எங்கிருந்து வருகிறது? தட்டிலிருந்து! கதை இங்கேதான் தொடங்குகிறது.

புரதம் குறைந்தால் ஒரு மருந்தின் விஷம் 26 மடங்கு ஏறும், தெரியுமா?

கனடாவில் கிங்ஸ்டன் நகரத்தில் குவீன்ஸ் பல்கலைக்கழகம். அங்கே எல்டன் பாய்ட் என்ற மருந்தியல் பேராசிரியர். 1960-களின் பிற்பகுதியில் அவர் செய்த வேலை எளிமையானது: பால்குடி மறந்த குட்டி எலிகளுக்கு 28 நாள் வெவ்வேறு அளவு புரதம் உள்ள தீனி கொடுத்தார். பிறகு பூச்சிமருந்தைக் கொடுத்து, எந்த அளவில் பாதி எலிகள் சாகின்றன என்று கணக்கிட்டார்.

தீனியில் பால் புரதமான கேசீன் வெறும் 3.5 சதவீதம் இருந்த எலிகளுக்கு, கார்பரில் ஆறு மடங்குக்கு மேல் கொடியதானது. போபால் யூனியன் கார்பைடு ஆலை செவின் என்ற பெயரில் தயாரித்த மருந்து இதுதான்! பாரத்தியான் ஏழு மடங்கு. டி.டி.டி. சுமார் மூன்று மடங்கு. மாலத்தியான் இரண்டு மடங்கு. விதை நேர்த்திக்குப் பயன்படும் கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லியோ 26 மடங்கு!

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். புரதமே இல்லாத தீனி தின்ற எலிகளுக்குக் கேப்டான் எத்தனை மடங்கு கொடியதானது? 2,100 மடங்கு! அச்சுப் பிழை இல்லை, இரண்டாயிரத்து நூறுதான்! கந்தகம் உள்ள புரதத் துணுக்குகளோடு மோதிச் சிதைவது கேப்டானின் குணம். சாப்பாட்டில் அவை வராவிட்டால் மோதுவதற்கு ஆளே இல்லை. 1972-இல் பாய்ட் இதையெல்லாம் ஒரு முழு நூலாகவே வெளியிட்டார்.

பட்டினி கிடந்த எலி தப்பித்த அதிசயமும் உண்டு, தெரியுமா?

அப்படியானால் நன்றாகச் சாப்பிடுகிறவனுக்கு எல்லா விஷமும் தூசு என்று முடிவு கட்டிவிட்டீர்களா? பொறுங்கள்! 1969-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் காலின் கேம்ப்பெல் குழுவினர் ஹெப்டாகுளோர் என்ற பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டார்கள். குறைந்த புரதம் தின்ற எலிகள் சாக வேண்டும் அல்லவா? அவைதான் நன்றாகத் தாக்குப்பிடித்தன!

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஹெப்டாகுளோரை அதைவிடக் கொடிய ஹெப்டாகுளோர் எபாக்சைடாக மாற்றுவது கல்லீரல் நொதிதான். புரதம் போதாத எலிக்கு அந்த நொதியைப் போதுமான அளவு செய்ய வழியில்லை. எனவே விஷம் விஷமாகும் வேலையே மந்தமாகிவிட்டது! எபாக்சைடை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது இரண்டு வகை எலிகளுக்கும் இடையில் அந்த வித்தியாசம் இல்லை. ஆக, கல்லீரல் வலுவாக இருப்பது ஒரு மருந்துக்குக் காவல், இன்னொரு மருந்துக்குக் காட்டிக்கொடுக்கும் கை.

ஒரு சேலத்துக்காரர் உலகத்தையே குழப்பியது தெரியுமா?

சேலத்தில் 1918-இல் பிறந்து, 2019-இல் நூறு வயதைக் கடந்து மறைந்த சி. கோபாலன், இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் பிதாமகர். ஹைதராபாத் ஆய்வகத்தில் அவரும் சக ஆய்வாளர் மாதவனும் எடுத்துக்கொண்ட விஷம் அஃப்ளாடாக்சின். பூச்சிமருந்து இல்லை, ஈரம்பட்ட கடலையில் பூக்கும் பூஞ்சை தயாரிக்கும் சரக்கு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகளைக் கொன்று உலகத்தின் கவனத்துக்கு வந்ததே, அதே விஷம். கொண்டுவந்தது பிரேசில் கடலைப் புண்ணாக்கு!

1965-இல் அந்த ஆய்வகம் குரங்குகளிடம் பார்த்தது: புரதம் குறைந்தவற்றின் ஈரல்தான் அஃப்ளாடாக்சினால் அதிகம் நொறுங்கியது. எதிர்பார்த்ததுதான். 1968-இல் வந்ததுதான் அதிர்ச்சி. நீண்ட நாள் அஃப்ளாடாக்சின் தின்ற எலிகளில், 20 சதவீதப் புரதம் சாப்பிட்டவற்றுக்கு ஈரல் புற்று வந்தது. 5 சதவீதம் சாப்பிட்டவை தப்பின! ஒரே விஷம். இன்று கொல்லும் வேகத்துக்கு ஒரு விடை, பின்னாளில் புற்று தரும் குணத்துக்கு நேர் எதிரான விடை! ஹெப்டாகுளோரை ஆராய்ந்த கேம்ப்பெல்லைப் பல ஆண்டு அஃப்ளாடாக்சின் ஆராய்ச்சியில் இறக்கிவிட்டதில் இந்த இந்தியக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதற்காகப் பருப்பைக் குறைத்துவிடாதீர்கள்! அந்த 5 சதவீத எலிகள் வளர்ச்சி குன்றிய எலிகள். செய்ய வேண்டியது கடலையைக் காயவைத்துச் சேமிப்பதுதான். கடலை என்றதும் இதையும் கேளுங்கள்: 1973 முதல் டிராம்பே விஞ்ஞானிகள் கதிர்வீச்சால் மாற்றம் தூண்டி உருவாக்கிய நிலக்கடலை ரகங்கள் வயலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. 1991-இன் டி.ஏ.ஜி. 24 அவற்றில் புகழ்பெற்றது.

மதராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் குன்னூரில் இருந்தன, தெரியுமா?

கோபாலனின் ஆய்வகம் பிறந்த இடம் நம் நீலகிரி! குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் சின்னதாக ஆரம்பித்தது, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. மெக்காரிசன் 1920-களில் எலிகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்தார். ஒரு கூண்டுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, ஒன்றுக்கு மதராஸ் சாப்பாடு! ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று தின்ற சீக்கிய எலி சுமார் 235 கிராம். மராட்டிய எலியும் வாட்டசாட்டம். தீட்டிய அரிசியை நம்பியிருந்த நம் மதராஸ் எலி? சுமார் 155 கிராம், கடைசி இடம்! பூச்சிமருந்துகளின் காலம் வருவதற்கு முன்பே, எலி என்று ஒரே ஒரு எலி கிடையாது என்பதைக் குன்னூர் காட்டிவிட்டது.

டிராம்பே கோதுமை கிளப்பிய சண்டை தெரியுமா?

தானியத்தில் வண்டு விழாமலிருக்கப் புகைமருந்து போடுவார்கள். மருந்தே வேண்டாம், காமா கதிரைக் காட்டினால் வண்டு செத்துவிடும் என்றது டிராம்பே. இன்றைக்கு வாஷியில் மசாலாவுக்கும் லாசல்காவில் வெங்காயத்துக்கும் மாம்பழத்துக்கும் கதிர்வீச்சு நிலையங்கள் இயங்குகின்றன. ஆனால் 1975-இல் பெரிய புயல் அடித்தது! ஊட்டம் குன்றிய குழந்தைகளுக்குக் கதிர்வீச்சுப் பட்ட புதுக் கோதுமையைக் கொடுத்ததில் ரத்த அணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை பெருகிய செல்கள் தெரிந்தன என்று ஹைதராபாத் நிறுவனம் அறிவித்தது. டிராம்பே தன் எலிகளில் தேடிப்பார்த்தது. அப்படி எதுவும் இல்லை என்றது.

இந்தியாவின் இரண்டு பெரிய ஆய்வகங்கள் நேருக்கு நேர்! மத்திய அரசு பி.சி. கேசவன், பி.வி. சுகாத்மே இருவரிடமும் விசாரணையை ஒப்படைத்தது. ஹைதராபாத் தரவுகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்பது 1976-இல் அவர்கள் தந்த தீர்ப்பு. கோதுமை ஜெயித்தது. ஆனால் கொழுத்த எலி பாஸ் பண்ணிய பரீட்சையை மெலிந்த குழந்தையும் பாஸ் பண்ணுமா என்ற கேள்வி மட்டும் செல்லுபடியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

வயிறு காய்ந்தால் பழைய டி.டி.டி. விழித்துக்கொள்ளும், தெரியுமா?

டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உடம்புக்குள் போனதும் கொழுப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. 1962-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இப்படி டி.டி.டி. சேர்த்துவைத்த எலிகளைப் பட்டினி போட்டார்கள். புதிதாக ஒரு துளி மருந்தும் கொடுக்கவில்லை. எலிகள் நடுங்க ஆரம்பித்தன! கொழுப்பு கரையக் கரைய, பதுங்கியிருந்த விஷம் ரத்தத்துக்கு வந்து மூளையைத் தொட்டுவிட்டது.

வௌவால்களின் கதி இன்னும் பரிதாபம். நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையில் பிறக்கும் வௌவால் குட்டிகள் தாய்ப்பால் வழியாகவே டி.டி.டி.யின் வாரிசான டி.டி.இ.யைச் சேர்த்துக்கொள்கின்றன. வலசை போகும்போது கொழுப்பை எரித்துத்தானே பறக்க வேண்டும்? 1976-இல் ஆராய்ச்சியாளர்கள் குட்டிகளைப் பறக்கவைத்துப் பார்த்தபோது, விஷம் ஏறிய அறிகுறிகள் அப்படியே வெளிப்பட்டன! தின்றது ஒரு மாதம், பழி தீர்ப்பது இன்னொரு மாதம்.

கப்பையோடு மீன் சேர்வதில் ரசாயனம் இருக்கிறது, தெரியுமா?

1886-இல் கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரங்களுக்குக் கூடாரம் போட்டுச் செதில்பூச்சியைக் கொல்ல ஒரு வாயுவைப் புகையாக விட்டார்கள்: ஹைட்ரஜன் சயனைடு! அதே சயனைடைத் தனக்குத்தானே பூச்சிமருந்தாகத் தயாரித்துக்கொள்ளும் கிழங்கு நம் மரவள்ளி. ஊறவைத்து, அவித்து, நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கல்லீரல்! கந்தகத்தை ஒட்டிச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அந்தக் கந்தகம் வருவது மீன், முட்டை, பருப்பு போன்றவற்றின் புரதத்திலிருந்து. கேரளத்துக்காரர் கப்பைக்கு, அதாவது மரவள்ளிக்கு, மீன்கறி ஊற்றிக்கொள்வது ருசிக்காக மட்டுமா என்று இனிமேல் யோசியுங்கள்!

புரதம் இல்லாவிட்டால்? 1981-இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி. கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவம் செய்ய நேரமில்லை, தொட்டுக்கொள்ள வேறெதுவும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திடீரென்று கால்கள் முடங்கின. கொன்சோ என்ற நோய். அங்கே அதை ஆராய்ந்த மருத்துவர்களில் ஒருவர்தான், பின்னாளில் புள்ளிவிவரங்களை மேடையில் ஆடவைத்துப் புகழ்பெற்ற ஹான்ஸ் ரோஸ்லிங்!

மக்காச்சோளம் தின்ற புழுவைக் கொல்வது கஷ்டம், தெரியுமா?

2018-இல் கர்நாடகத்தில் தலைகாட்டிய அமெரிக்கப் படைப்புழு, அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளைச் சல்லடையாக்கியது விவசாயிகளுக்கு மறக்குமா? அந்தப் புழுவின் ரகசியம் 1980-களின் தொடக்கத்திலேயே புளோரிடாவில் வெளிப்பட்டிருந்தது. மக்காச்சோள இலை தின்ற புழுக்களும் சோயா இலை தின்ற புழுக்களும் அண்ணன் தம்பிதான். ஆனால் பல பூச்சிமருந்துகளுக்குச் சோயாப் புழு சீக்கிரம் செத்தது. சோளப் புழு தாக்குப்பிடித்தது! இலையில் உள்ள தாவர ரசாயனங்கள் புழுவின் குடலிலுள்ள விஷமுறிப்பு நொதிகளை முன்கூட்டியே முறுக்கேற்றிவிடுகின்றன.

இதற்கும் முன்பே, 1979-இல் ஓரிகானில் ஒரு வெட்டுப்புழுவிடம் இதே வேடிக்கை. புதினா வகையைத் தின்றவை கார்பரில் மருந்துக்கு அசைந்துகொடுக்கவில்லை; பீன்ஸ் தின்றவை அசந்துவிட்டன! மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன், புழு எந்தப் பயிரில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும் போல.

தேனீக்கு மருந்து தேனிலேயே இருக்கிறது, தெரியுமா?

தேனுக்குள் மகரந்தத்திலிருந்து வரும் பாரா-கூமரிக் அமிலம் என்ற பொருள் உண்டு. 2013-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மே பெரன்பாம் குழு இதைச் சர்க்கரையோடு கலந்து தேனீக்களுக்குக் கொடுத்தது. விஷமுறிப்பு மரபணுக்கள் விழித்துக்கொண்டன. கூட்டில் உண்ணியை ஒழிக்கப் போடும் கூமஃபாஸ் மருந்தைத் தேனீயின் குடல் சிதைக்கும் வேகம் சுமார் 60 சதவீதம் கூடியது! தேனை முழுக்க எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சர்க்கரைப்பாகு வைத்தால், நாம் திருடுவது தேனை மட்டுமில்லை என்று ஆகிறது.

நல்லெண்ணெய் கொசு மருந்துக்குக் கூட்டாளி, தெரியுமா?

1940-இல் ஒரு கண்டுபிடிப்பு: சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரம் என்ற பூச்சிமருந்தோடு நல்லெண்ணெய் சேர்த்தால் வீரியம் பல மடங்காகிறது! மற்ற எண்ணெய்களுக்கு அந்தக் குணம் இல்லை. எள்ளில் உள்ள செசாமின்தான் காரணம் என்று இரண்டே ஆண்டில் தெரிந்தது. அது பூச்சியைக் கொல்வதில்லை, பூச்சியின் விஷமுறிப்பு நொதியைக் கட்டிப்போடுகிறது! அந்தப் பாதையில் பிறந்த பைப்பரோனைல் பியூடாக்சைடு இன்றும் எத்தனையோ ஸ்பிரே டப்பாக்களில் இருக்கிறது.

மிளகும் சளைத்ததல்ல. அதன் காரமான பைப்பரின் ஈக்களை வீழ்த்துவது 1940-களில் தெரியவந்தது. மனிதனிடம்? 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தபோது, மஞ்சளின் அந்தச் சத்து ரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது! மஞ்சளுக்குக் கதவைத் திறக்கும் மிளகு, வேறெதற்கெல்லாம் திறக்கும்? ஆராய்ச்சியாளர்களுக்கு வேலை இருக்கிறது. ரசத்துக்கு மிளகு தட்டுகிறவர்கள் கலங்க வேண்டாம்!

பாட்டன் தின்ற செடி பேரனைக் காப்பாற்றும், தெரியுமா?

ஆஸ்திரேலியாவில் நரிகளைக் கொல்ல 1080 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட மருந்து வைப்பார்கள். சோடியம் ஃபுளோரோஅசிடேட். அதே நஞ்சு தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் காஸ்ட்ரோலோபியம் என்ற காட்டுச் செடிகளில் இயற்கையாகவே விளைகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகளோடு வாழ்ந்த மேற்குப் பாசம் என்னும் பைவிலங்கு, கிழக்கில் வாழும் தன் சொந்தக்காரனைவிட நூறு மடங்குக்கு மேல் அந்த விஷத்தைத் தாங்குகிறது! வெளியூரிலிருந்து வந்த நரிக்கு அந்தப் பரம்பரை இல்லை, சாகிறது. 1996 முதல் அங்கே அரசு இந்தச் சாப்பாட்டு வரலாற்றை நம்பியே நரி ஒழிப்பைப் பெரிய அளவில் நடத்துகிறது!

நாய்க்குப் போடும் உண்ணி மருந்து பூனையைக் கொல்லலாம், தெரியுமா?

பெர்மெத்ரின் கலந்த சொட்டுமருந்தை நாயின் முதுகில் விடுவார்கள். நாய் நன்றாக இருக்கும். அதே மருந்து பூனைக்கு வலிப்பு, சிலநேரம் மரணம்! பூனையின் கல்லீரலில் விஷமுறிப்பு வேலைகளில் ஒன்று பலவீனம். பூனை, சிங்கம், சிறுத்தை என்று அந்தக் குடும்பத்துக்கே அதற்கான ஒரு மரபணு உடைந்து கிடப்பதை 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஏன்? கறியே தின்று வாழ்ந்ததால் செடிகளின் விஷத்தை முறிக்கும் தேவையே வரவில்லை, பயன்படாத கருவி துருப்பிடித்துவிட்டது என்கிறார்கள். வீட்டில் இரண்டும் இருந்தால் டப்பாவை இரண்டு முறை படியுங்கள்!

பாக் வளைகுடாவின் கடற்பசுவுக்கு ஒரு கவசம் இல்லை, தெரியுமா?

குளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் உடலில் இன்னும் கொடிய வடிவம் எடுக்கும்போது, அதை உடைக்கும் காவலாளி பி.ஓ.என்.1 என்ற நொதி. நமக்கு இருக்கிறது, மாட்டுக்கும் நாய்க்கும் இருக்கிறது. 2018-இல் வந்த செய்தி: திமிங்கலம், டால்பின், கடற்பசு எல்லாம் கடலுக்குப் போன பிறகு, தனித்தனியாக, அந்த மரபணுவையே தொலைத்துவிட்டன! கடல் உணவால் கொழுப்பைக் கையாளும் முறை மாறியதா, மூச்சடக்கி மூழ்குவதா, எது காரணம் என்ற வாதம் நடக்கிறது. காரணம் எதுவானாலும் கவசம் போனது போனதுதான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் வளைகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது நினைவிருக்கிறதா? அந்தக் கடல்புல் மேய்ச்சல் காட்டுக்கு வயல் ஓடைகளில் என்ன வருகிறது என்பதும் காப்பகத்தின் கணக்கில் சேர வேண்டியதுதான்!

எலி மருந்தும் கீரையும் எதிரிகள், தெரியுமா?

மும்பை மாநகராட்சி இரவில் தடியோடு எலி வேட்டைக்கு ஆள் அனுப்புவது ஊரறிந்த செய்தி. மருந்தால் கொல்வதென்றால் பழைய பெயர் வார்ஃபரின். அதன் கதை தொடங்கியது மாட்டுத் தீனியில்! 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி, பனிப்புயலில் உறையாத ரத்தத்தைப் பால்கேனில் எடுத்துக்கொண்டு விஸ்கான்சினில் கார்ல் லிங்க்கின் ஆய்வகக் கதவைத் தட்டினார். அங்கிருந்து 1948-இல் எலி மருந்து பிறந்தது! அது செய்வதெல்லாம் வைட்டமின் கே சுழற்சியை நிறுத்துவதுதான். அந்த வைட்டமினோ கீரையில் ஏராளம். கோழித் தீவனத்திலும் சேர்ப்பார்கள். மருந்துக்குப் பழகிப்போன எலிகளுக்கு அந்த வைட்டமின் பல மடங்கு தேவை. கோழிப்பண்ணை அவற்றுக்குச் சாப்பாட்டோடு மாற்றுமருந்தும் பரிமாறும் இடம்!

குடலில் ஒரு பிசினை வைத்தே விஷத்தை வெளியே இழுக்கலாம், தெரியுமா?

1975-இல் அமெரிக்காவின் ஹோப்வெல் நகரில் கீப்போன் என்ற பூச்சிமருந்து ஆலையின் தொழிலாளர்கள் கைநடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மருந்து பித்தநீரோடு குடலுக்கு வருகிறது, குடல் அதை மறுபடி உறிஞ்சுகிறது, முடிவில்லாத சுற்று! கொலஸ்ட்ரால் குறைக்கக் கொடுக்கும் கொலஸ்டைரமின் என்ற பிசினை விழுங்கவைத்தார் மருத்துவர் பிலிப் குசெலியன். குடலில் பிசின் மருந்தைப் பிடித்துக்கொண்டது. மலத்தோடு வெளியேறும் அளவு பல மடங்கானது. 1978-இல் வெளியான அந்தச் சிகிச்சை, குடலுக்குள் என்ன இருக்கிறது என்பதே விஷத்தின் வாழ்நாளை மாற்றும் என்பதற்குச் சாட்சி!

கடைசியாக, டப்பாவின் முக்கோணம் எப்படி வந்தது தெரியுமா?

இந்தியப் பூச்சிமருந்து டப்பாக்களில் வண்ணம் தீட்டிய முக்கோணம் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையிலேயே பாதி விலங்குகளைக் கொன்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. இந்த எண்ணைத் தருவது ஆய்வக விலங்கு. அதற்கு வேளாவேளைக்குப் புரதம் நிறைந்த, வைட்டமின் சேர்த்த தீவனம் கிடைக்கும். தீவனத்தின் கீரைச் சத்துகூட முடிவை மாற்றும்! லீ வாட்டன்பர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களின் தொடக்கத்திலேயே காட்டினார்: சாதாரணத் தீவனம் தின்ற எலியின் குடலில் இருந்த விஷமுறிப்பு நொதி, சுத்திகரித்த தீனிக்கு மாறியதும் ஏறக்குறைய காணாமல்போனது, முட்டைக்கோஸ் இனக் காய்களைக் கொடுத்ததும் திரும்பி வந்தது!

இப்போது பாய்டின் கேப்டானை அந்த முக்கோணத்தில் பொருத்திப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்ட எலிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 12,000 மில்லிகிராம், பச்சை. 26 மடங்கு கொடியதானால் 500-க்குக் கீழே, மஞ்சள். 2,100 மடங்கு என்றால் ஆறே மில்லிகிராம், சிவப்பு! மருந்து மாறவில்லை, டப்பா மாறவில்லை. எலியின் சாப்பாடு மாறியதில் பச்சை சிவப்பாகிவிட்டது!

விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே பத்து மடங்கு, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே பத்து மடங்கு என்று நூறால் வகுத்துப் பாதுகாப்பு எல்லை வகுக்கும் வழக்கம் 1954 முதல் இருக்கிறது. அது உணவில் தங்கும் எச்சத்துக்கான கணக்கு. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு வயலில் இறங்குகிறவருக்கு அந்த நூறு துணைக்கு வராது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள். களை எடுப்பதும் பருத்தி பறிப்பதும் அந்தப் பெண்கள்தானே? கையுறையும் முகமூடியும் அவசியம்தான். வேலைக்குப் போகுமுன் ஒரு வேளைப் பருப்புச் சோறும் அவசியம் என்று எந்த டப்பாவாவது சொல்கிறதா? அடுத்த முறை பச்சை முக்கோணத்தைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுமுன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த எண்ணைக் கொடுத்த எலி என்ன சாப்பிட்டதாம்?